கபுக் கிடங்கு

வியாழக்கிழமைகளில் எனக்கு இந்தக் கிடங்கு.
நீண்ட பிடி போட்ட அகப்பை, வெள்ளைத் தட்டு,
மாநகரசபை முத்திரை குத்திய படிவம்,
எனக்கு இரண்டு அளவு பெரிய கறுப்புச் சப்பாத்து.
தெமட்டகொடை ரயில் பாதைக்கு அப்பால்,
தோட்டம் என்று பேர் வைத்த, ஒரு பூச்செடியும் இல்லாத
ஐம்பத்திரண்டு வீடுகளைத் தாண்டினால்
நிலம் சட்டென்று முடிந்துபோகும்.

தோண்டுவித்தவர் பெயர் மட்டும் கிடைத்தது:
சேகு மதார் முதலாளி.
செல்லரித்த பற்றுச்சீட்டொன்றில்
'கல் பதினோராயிரம்', கீழே கையெழுத்து.
வெட்டியவர்களுக்குப் பெயர் இல்லை.
சுவர் இருக்கிறது.
கோடரி சாய்ந்து விழுந்த தடங்கள், வரிவரியாக,
கிழக்கு மூலையில் மட்டும் மறுபக்கம் சாய்ந்து.
ஓர் இடக்கைக்காரன் இருந்திருக்கிறான்.

கபுக்கல் விசித்திரமானது.
நிலத்துக்குள் கிடக்கும்வரை கருப்பட்டி மாதிரி
வெட்டுகிறவனுக்கு இடம் கொடுக்கும்.
வெளியே எடுத்து வெயில் காட்டினால் இறுகிவிடும்,
பிறகு ஒருவருக்கும் மசியாது.
(என் மேலதிகாரியைப் பற்றி இங்கே எழுதக்கூடாது.)

அள்ளிய கல்லெல்லாம் நகரத்துக்குள் நிற்கிறது, சுண்ணாம்புக்குப் பின்னால்.
எங்கள் குளியலறையில் பூச்சு உதிர்ந்தபோது
சிவப்பாய் ஒரு கன்னம் தெரிந்தது, அதே வரிகளோடு.
எந்தப் பக்கம் சாய்ந்தவை என்று நான் பார்க்கவில்லை.
அன்று சீமெந்துக்குக் காசு தேட வேண்டியிருந்தது.

எண்பத்து மூன்றில், இரண்டு இரவு,
இதற்குள் இருபது பேர் நின்றார்களாம்.
பதினாறாம் வீட்டு ரெஜினா சொன்னாள்.
அப்போது தண்ணீர் முழங்கால் அளவு.
பேக்கரி விமலதாச கயிற்றில் பாண் இறக்கினானாம்,
ஒரு பிள்ளை இருமியபோது
மேலே நின்று தானும் இருமினானாம்.
அதற்குமேல் அவள் சொல்லவில்லை.
நான் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தண்ணீர் ஓர் ஆள் ஆழம்.
மல்லாந்து கிடக்கும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில்
கபரகொய்யா வெயில் காய்கிறது,
வாடகை தவறாமல் கட்டுகிறவன்போல.
இடக்கைக்காரன் மூலையில் மீன்கொத்தி துளை போட்டிருக்கிறது.
சல்வீனியாவின் மேல் கானாங்கோழி நடந்தால்
பின்னால் மூன்று கரித்துண்டுகள் ஓடும்.
லொறிக்காரர் கொட்டிய டயர்களைக்
கொடி மூடிவிட்டது. அதில் தும்பிகள்,
எண்ணிப் பார்த்து விட்டுவிட்டேன்.

அகப்பை பத்துத் தடவை.
பத்துத் தடவையும் குப்பி மீன். குடம்பி ஒன்றுகூட இல்லை.
டெங்கு மேலே இருக்கிறது:
பூச்சாடித் தட்டில், யோகட் கோப்பையில்,
சட்டத்தரணி வீட்டுக் கூரைப் பீலியில்.

ஆனால் பலகை நட்டாயிற்று. பதினான்கு மாடி,
வாகனத் தரிப்பிடம் நிலத்துக்குக் கீழே.
'நுளம்பு அபாயம் என்று ஒரு வரி போடுங்களேன் மிஸ்,
எல்லாருக்கும் சுலபம்.'
தேநீரும் வாங்கித் தந்தார்.

போன மாதம் மழை விட்ட காலை
சேற்றில் ஒரு கால்தடம்.
நாய் இல்லை. வீட்டுப் பூனைக்கு இவ்வளவு அகலம் வராது.
நகநுனி லேசாகப் பதிந்திருந்தது. பக்கத்தில்
திலாப்பியாவின் தலை, வெட்டினாற்போல்.
கொடுப்புலி.
கான் வழியே, ரயில்களுக்குக் கீழே,
எத்தனை இரவு நடந்து வந்ததோ.

படிவத்தில் அதற்குப் பத்தி இல்லை.
பரப்பு, ஆழம், குடம்பி, பரிந்துரை.
வாய் திறந்தால் கமராவோடு சிலர் வருவார்கள்,
கூட்டோடு சிலர்.
பெரிய சப்பாத்து அன்றைக்குத்தான் உதவியது.
ஒவ்வொரு தடத்தின் மேலும் ஏறி நின்று
தண்ணீர் விளிம்புவரை அழித்தேன்.
மீன்தலையைக் காலால் தள்ளினேன், கபரகொய்யா எடுத்துக்கொண்டது.

குடம்பி: பூச்சியம்.
பரிந்துரை: அடுத்த வியாழன் மறுபடி பார்க்க வேண்டும்.